பதினொரு நொடி

என் பெயரில்தான் எனக்கு அதிகம் திக்கும்.
ரொட்டி வரும், ரயில் வரும்,
வருமான வரி கூட ஒருமாதிரி வந்துவிடும்.
டக்னியா மட்டும்
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
அடம்பிடிக்கும்.

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன்.
நிறுத்தங்களின் பெயரை
யாரோ ஒருத்தி எப்போதோ பதிந்துவைத்த குரல் சொல்லிவிடும்.
இந்த வேலைக்கு நான் வந்ததே
அவளை நம்பித்தான்.

இரவில் வீடியோ போடுவேன்.
திக்குகிறவர்கள் போனில் பேசுவது எப்படி:
பல் டாக்டரிடம் நேரம் கேட்பது,
குழாய் ரிப்பேர்காரரை வரச்சொல்வது,
ஆம்புலன்ஸை அழைப்பது.
மூன்று வருஷத்தில் அறுபத்து மூன்று.
எதிலும் என் முகமில்லை.
மேசை, இரண்டு கைகள், ஆறிப்போகும் தேநீர்.
திக்கிய இடங்களை நள்ளிரவில் உட்கார்ந்து வெட்டி எறிவேன்.
திக்குகிறவர்களுக்கான வீடியோவில்!
இப்போது சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது.

போன இலையுதிர் காலத்தில்
பயிற்சிப் பாடங்களைத் தொகுத்து விலை வைத்தேன்.
ஒன்பது யூரோ.
ஒன்பதை ஏழாக்கி, மறுபடி ஒன்பதாக்கி
சுட்டியை எல்லாவற்றுக்கும் அடியில்
சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒட்டினேன்,
முன்னால் ஒரு மன்னிக்கவும்
பின்னால் ஒரு மன்னிக்கவும்.
இரண்டு பேர் வாங்கினார்கள்.
ஒருத்தி என் தங்கை.

டெப்போவில் மோட்ரிஸ் கேட்டான்:
"என்ன, நம்ம ஊர் நட்சத்திரம் இன்னும் பிரேக்கெல்லாம் சோதிக்குதா?"
கெட்டவனில்லை. உறைபனி நாளில்
என் தடத்துக்கும் சேர்த்து மணல் போடுகிறவன்.
ஆனாலும் அந்த வாரம் எதையும் வெளியிடவில்லை.
வண்டி கிளம்பும்போதெல்லாம் மணி
தம்பட்டம் தம்பட்டம் என்றது.

நல்ல பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு
என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
சந்தை நிறுத்தத்துக்கு எதிரே
ஸ்கைத்ரீத்தேயின் பூக்கடை.
ஜனவரி, மைனஸ் பதினான்கு.
கதவை இறுகச் சாத்திக் கண்ணாடியில் ஆவி படர்ந்து
உள்ளே இருப்பது ரோஜாவா உருளைக்கிழங்கா தெரியாது.
மணம் ஓரங்குலம் வெளியே வரவில்லை.
வாசலுக்கு மேலே
பச்சை விளக்கில் ஒரே சொல்: பூக்கள்.
அதைப் பார்த்து
என்ன திமிர் இவளுக்கு என்று யாரும் சொல்லி
நான் கேட்டதில்லை.
சிக்னல் மாறியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை.
பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

பிப்ரவரியில் ஒரு கடிதம்.
டவுகவ்பில்ஸில் வெல்டிங் செய்பவர்.
நன்றி என்று தொடங்கவில்லை.
"மனைவிக்கு வலியெடுத்த ராத்திரி
ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.
எங்கள் தெருப்பெயர் வாயில் வரவில்லை.
போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.
குழந்தை நலம்.
ஆனால் உங்கள் பத்தொன்பதாவது வீடியோ
அதற்கு ஒரு வருஷம் முன்பே இருந்திருக்கிறது.
தேதி பார்த்தேன்.
எங்கே ஒளிந்திருந்தீர்கள்?"

மூன்று தடவை படித்தேன். கோபம் வந்தது.
உங்கள் தெருவுக்கு வந்து கூவ வேண்டுமா நான்?
ராத்திரி ஒரு மணிக்கு
ஆமாம் என்று தோன்றியது.
அடக்கம் என்று நான் பெயர் வைத்திருந்ததில்
பாதி பயம்.
மீதி என்னவென்று இன்னும் தெரியவில்லை.

அறுபத்து நான்காவது வீடியோ.
விளக்கை முகத்துப் பக்கம் திருப்பினேன்.
"என் பெயர் ட்

ட்

இங்கே குளிர்பெட்டியின் உறுமல் கேட்கும்

ட்
டக்னியா."

பதினொரு நொடி. வெட்டவில்லை.
அதையே தலைப்பாகவும் வைத்தேன்.
"பாடங்கள் நான் செய்தவை. பயன்படும். ஒன்பது யூரோ.
காசில்லாதவர்கள் எழுதுங்கள், அனுப்புகிறேன்.
தெரிந்தவர் யாராவது திக்கினால் இதைக் காட்டுங்கள்."
மன்னிக்கவும் தொண்டைவரை வந்தது.
தேநீரைக் குடித்து இறக்கினேன்.

காலை ஐந்தேகால், முதல் வண்டி.
மோட்ரிஸ் மணல் வாளியோடு வந்தான்.
காலணியைத் தரையில் தட்டினான், இருமினான்.
"பதினொண்ணு இல்ல. எண்ணினேன். பன்னிரண்டு."

"மறுபடி பாரு" என்றேன்.
"கடைசி வரைக்கும் பாரு."